தோழர் விக்னராஜா வீட்டு விருந்து

ஞாயிற்றுக்கிழமை காலமை யோகாவின்ரை குசினியிலை மூண்டு அடுப்பும் எரிஞ்சுகொண்டிருந்தது. சம்பந்தி வீட்டார் முதன்முதலாச் சாப்பிட வருகினம் எண்டால் சும்மாவே? அதுவும் வெள்ளைக்காரச் சம்பந்தி. உறைப்புக் கூடினால் அந்த மனுசி கண்ணீரோடை வீட்டை போகும். உறைப்புக் குறைஞ்சால் இந்த வீட்டுத் தோழர் மூஞ்சியை நீட்டுவார். அதாலை யோகா கோழிக்கறியை இரண்டு சட்டியிலை இரண்டு விதமாச் சமைச்சா.

தோழர் எண்டது வேறை ஆருமில்லை, அவவின்ரை புருஷன் விக்னராஜாதான். கவுன்சிலிலை எஞ்சினியரா இருந்து ஓய்வெடுத்தவர். மெல்பேணிலை இருக்கிற இடதுசாரித் தமிழரைக் கூட்டி ஒரு வாசகர் வட்டம் நடத்திறார். ரோவில் எண்ட புறநகரிலை நாலு அறை வீடு, வாடகைக்கு விட இன்னொரு வீடு, ஆனால் தனியுடைமை எண்ட சொல்லைக் கேட்டால் மனுசனுக்கு ரத்தம் கொதிக்கும். போன மார்ச்சிலை மகளிர் தினக் கூட்டம் வைச்சு, 'பெண்ணின் உடல் பெண்ணுக்கே சொந்தம்' எண்டு ஒரு மணித்தியாலம் பேசினார். சனம் எழும்பி நிண்டு கைதட்டினது. அந்தக் கூட்டத்துக்கு வடை சுட்டது ஆர் எண்டு மட்டும் கேக்காதேங்கோ. பேச்சை யோகா கேக்கேல்லை. வடைத் தட்டைக் காவிக்கொண்டு மண்டபத்துப் பின்கதவாலை வரேக்கை கைதட்டல்தான் கேட்டது.

பதினொரு மணிபோலை மகள் வினுஷா வந்தாள். சிட்டியிலை சட்டத்தரணியா வேலை. ஆந்திரே எண்ட ருமேனியப் பெடியனோடை இரண்டு வருஷமா ஒண்டா இருக்கிறாள், வாற டிசம்பரிலை கலியாணம். ஆந்திரே தாயைக் கூட்டிக்கொண்டு பின்னாலை வாறான் எண்டு சொல்லிப்போட்டு, நேரா குசினிக்குள்ளை வந்து கதவைச் சாத்தினாள்.

"அம்மா, அடுப்பைக் கொஞ்சம் குறையுங்கோ. உங்களோடை கதைக்க வேணும்."

"என்னடி, முகம் பேயறைஞ்ச மாதிரிக் கிடக்கு?"

"ஐ ஆம் பிரெக்னன்ற்."

அகப்பை கோழிச் சட்டிக்குள்ளை முழுசா விழுந்தது. பொய் சொல்லக்கூடாது, யோகாவுக்கு முதலிலை வந்தது சந்தோஷம்தான். மகளின்ரை கன்னத்தைப் பிடிக்கக் கையைத் தூக்கினா. ஆனால் பெட்டை ஒரு அடி பின்னுக்குப் போனாள்.

"எங்களுக்கு இப்ப வேண்டாம் அம்மா. நானும் ஆந்திரேயும் வடிவாக் கதைச்சிட்டம். செவ்வாய்க்கிழமை கிளினிக்கிலை அப்பொயின்ட்மென்ற். பிளீஸ், ஏனெண்டு கேக்காதேங்கோ."

யோகா கேக்கேல்லை. கேக்க வாய் வரேல்லை எண்டதுதான் உண்மை. பைப்பைத் திறந்து வெறும் கையைக் கழுவினா.

"சரி. அது உன்ரை விசயம்," எண்டா கடைசியா.

"இண்டைக்கு அப்பாவுக்கும் சொல்லப்போறன்."

"ஏனடி? கொப்பருக்குச் சொல்லாதை!"

வினுஷாவுக்குச் சிரிப்பு வந்திட்டுது. "அப்பா ஓகே அம்மா! மகளிர் தினத்திலை அவர் பேசின வீடியோவை நான் ஒபிசிலை எல்லாருக்கும் காட்டினனான். எனக்கு ஆந்திரேயின்ரை அம்மாவைத்தான் பயம். ஞாயிறு தவறாமல் சேர்ச்சுக்குப் போற மனுசி. அவ ஏதும் சொன்னால் அப்பாதான் எனக்காக நிண்டு கதைப்பார். நீங்கள் பாருங்கோவன்."

"எனக்குக் கொப்பரைத் தெரியும்," எண்டு மட்டும் யோகா சொன்னா. அதுக்கு மேலை சொல்லப் போனால் எங்கை போய் முடியுமோ எண்டு பயம். அதுக்குள்ளை வாசல் மணி அடிச்சிட்டுது.

ஆந்திரேயின்ரை தாய் தொயினா முதியோர் இல்லத்திலை நேர்ஸ் வேலை செய்யிறவ. நரைச்ச கட்டைத் தலைமயிர், வீட்டிலை சுட்ட கேக் ஒண்டு கையிலை. யோகா சந்தனக் கிண்ணமும் பன்னீர்ச் செம்பும் வைச்ச தட்டத்தோடை வாசலுக்குப் போனா. ஆனால் மனுசன் விட்டால்தானே. சம்பந்தியைச் சம்பந்தியின்ரை ஊர்ப் பாட்டோடை வரவேற்க வேணும் எண்டு மூண்டு நாளா யூரியூப்பைத் துழாவினவர். சோசலிச நாட்டிலை பிறந்து வளந்த ஒரு பொம்பிளை தன்ரை வீட்டுப் படி ஏறப்போறா எண்டு வட்டத்து ஆக்களுக்கெல்லாம் போன் அடிச்சுச் சொன்னவர். அவ வாசலைத் தாண்ட, பெரிய ரீவியிலை பாட்டு வெடிச்சது. வெள்ளைச் சட்டையும் கழுத்திலை சிவப்புத் துணியுமாப் பள்ளிக்கூடப் பிள்ளையள், வரிசை வரிசையா நிண்டு கட்சியையும் தலைவரையும் புகழ்ந்து பாடுதுகள்.

"வெல்கம், கொம்ரேட் தொயினா!"

தொயினா கேக்கை ஆந்திரேயிட்டைக் குடுத்திட்டு, இரண்டு கையையும் தொடையோடை ஒட்டி, நாடியை நிமித்தி, விறைச்சுப் போய் நிண்டா. கண் ரீவியைப் பாக்கேல்லை, சுவரைப் பாத்துது. மனுசி மரியாதை செய்யிறா எண்டு விக்னராஜா நினைச்சார். நினைச்சு, தானும் பக்கத்திலை போய் நிமிந்து நிண்டு கைமுஷ்டியை உயத்தினார். கோதாரி, இப்பிடி ஒரு காட்சியை யோகா தன்ரை சீவியத்திலை கண்டதில்லை. ஆந்திரே பாய்ஞ்சு போய் ரீவியை நிப்பாட்டினான்.

"மன்னிக்க வேணும்," எண்டா தொயினா இங்கிலிசிலை. மேலுதட்டிலை வேர்த்திருந்தது. "அந்தப் பாட்டுக்கு உடம்பு தானா நிக்குது. நிக்காத பிள்ளையின்ரை பேரை எழுதி எடுப்பினம்."

"ஹா! டிசிப்பிளின்!" எண்டார் விக்னராஜா.

மேசையிலை யோகா பரிமாற, மற்ற நாலு பேரும் இருந்து சாப்பிட்டினம். தொயினா கையாலை சாப்பிடப் பாத்து, சோறு நழுவ, தன்னைத் தானே பாத்துச் சிரிச்சு, முள்ளுக்கரண்டியை எடுத்தா. யோகாவுக்கு அவவைப் பிடிச்சுப் போச்சுது. ஆனால் விக்னராஜா வாயை மூடேல்லை. தொயினாவின்ரை நாட்டைப் பற்றித் தொயினாவுக்கே வகுப்பு எடுத்தார். அங்கை எல்லாப் பொம்பிளையளுக்கும் வேலை, தொழிற்சாலைக்குப் பக்கத்திலையே பிள்ளை பாக்கிற இடம், பிள்ளை பெத்த தாய்மாருக்கு அரசாங்கம் பதக்கம்.

"இந்த முதலாளித்துவ நாட்டிலை தாய்க்கு ஆர் பதக்கம் குடுக்கிறான், சொல்லுங்கோ?"

தொயினா முள்ளுக்கரண்டியை வைச்சா. "என்ரை அம்மாவுக்குப் பதக்கம் கிடைக்கேல்லை," எண்டா. "அதுக்கு அஞ்சு பிள்ளையாவது பெற வேணும். அவ மூண்டோடை செத்துப்போனா."

யோகா சொதிக் கிண்ணத்தோடை அப்பிடியே நிண்டா.

"அம்மா துணி ஆலையிலை வேலை. சில மாதங்களிலை ஒரு டொக்டர் வருவார். பொம்பிளையளை வரிசையிலை விட்டு, ஒரு சீலை மறைப்புக்குப் பின்னாலை ஒவ்வொருத்தரா வயித்தைச் சோதிப்பினம். சுகமா இருக்கினமோ எண்டு பாக்க இல்லை. வயித்திலை பிள்ளை இருக்கோ எண்டு பதிய. ஒருக்காப் பதிஞ்சால் அது அரசாங்கத்தின்ரை பிள்ளை. பிறகு அது கலைஞ்சுதெண்டால் ஏன் கலைஞ்சது எண்டு பொலிஸ் வரும். கருத்தடை மாத்திரை இல்லை, கருவைக் கலைச்சால் சிறை. வீட்டிலை பாண் இல்லை, சூடு இல்லை, நாங்கள் மூண்டு பேர் கோட்டோடை படுப்பம். நாலாவது வந்திட்டுது எண்டு தெரிஞ்ச உடனை, அடுத்த சோதனைக்கு முதல் அம்மா வீட்டிலையே ஒருத்தியைக் கொண்டு செய்விச்சா. ரத்தம் நிக்கேல்லை."

ஆந்திரே இந்தக் கதையை முந்திக் கேட்டிருக்கேல்லைப் போலை. தாயின்ரை வாயையே பாத்துக்கொண்டிருந்தான்.

"ஆசுப்பத்திரியிலை கட்டிலுக்குப் பக்கத்திலை ஒருத்தன் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தான். டொக்டர் இல்லை, அரசாங்கத்துக்காக வழக்குப் போடுற கந்தோர் ஆள். செய்தவளின்ரை பேரைச் சொல்லு, பிறகு டொக்டர் வருவார் எண்டான். டொக்டர் கதவடியிலைதான் நிண்டவர். எனக்கு அப்பப் பதினாறு வயசு, கதவு இடுக்காலை பாத்துக்கொண்டு நிக்கிறன். அம்மா சொல்லேல்லை. சொல்ல ஏலாது, ஏனெண்டால் செய்தது அவவின்ரை கூடப் பிறந்த தங்கச்சி. விடியப்புறம் அவன் எழும்பிக் கோட்டை மாட்டிக்கொண்டு போனான். போகேக்கை எனக்குக் கதவைத் திறந்துவிட்டான்."

வினுஷா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தோழருக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை. அப்ப பேசாமல் இருக்கலாம்தானே? இல்லை. கையிலை கோழி எலும்போடை தொண்டையைச் செருமினார்.

"மிச்சம் கவலையான விசயம். ஆனால் ஒண்டு சொல்ல வேணும், அது உண்மையான சோசலிசம் இல்லை."

"இருக்கலாம்," எண்டா தொயினா. "அம்மா செத்தது உண்மை."

அந்தப் பேச்சுக்குப் பிறகு வினுஷா ஏன் வாய் திறந்தாள் எண்டு யோகாவுக்கு நல்லா விளங்கிச்சுது. இப்பிடி ஒரு கதையைக் கேட்டாப்பிறகு, இந்த மேசையிலை இனி ஆரும் ஒண்டும் சொல்லமாட்டினம் எண்டு பெட்டை நம்பினாள். யோகா வேண்டாம் எண்டு தலையை ஆட்டிப் பாத்தா. பெட்டை இந்தப் பக்கம் திரும்பேல்லை. ஆந்திரேயின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு, தொயினாவைப் பாத்து, பிறகு தேப்பனைப் பாத்து, எல்லாத்தையும் இங்கிலிசிலை சொன்னாள். பிள்ளை உண்டாகியிருக்கிறதை, வேண்டாம் எண்டு முடிவெடுத்ததை, செவ்வாய்க்கிழமையை.

தொயினா கண்ணை மூடினா. ஒரு கையாலை சிலுவை போட்டுக்கொண்டா. இனி இந்த மனுசி தொடங்கப்போகுது எண்டு யோகா பயந்தா. ஆனால் தொயினா கண்ணைத் திறந்து, "நல்ல ஆசுப்பத்திரியோ? டொக்டர் ஒழுங்கான ஆளோ?" எண்டு மட்டும் கேட்டா. வினுஷா ஓம் எண்டு தலையாட்டினாள். அவளின்ரை முகத்திலை அப்பதான் ரத்தம் வந்துது. சிரிச்சுக்கொண்டு தேப்பன் பக்கம் திரும்பினாள்.

"ஏலாது," எண்டார் விக்னராஜா தமிழிலை.

"வாட்?"

"ஏலாது எண்டு சொன்னன். டிசம்பரிலை கலியாணம். அதைக் கொஞ்சம் முந்தி வைச்சால் ஒருத்தருக்கும் தெரியாது. இது என்ரை பேரப்பிள்ளை. செவ்வாய்க்கிழமை நீ ஒரு இடமும் போகேல்லை, நான் விடமாட்டன்."

"அப்பா, நீங்கள்தானே சொன்னனீங்கள்... மை பொடி, என்ரை உடம்பு..."

"மேடையிலை கதைக்கிறது அரசியல், பிள்ளை. இது குடும்பம். இரண்டையும் போட்டுக் குழப்பாதை."

கன்னத்திலை அறை வாங்கின சின்னப்பிள்ளை மாதிரி வினுஷா தேப்பனைப் பாத்துக்கொண்டிருந்தாள். இந்தப் பெட்டை ஒரு நாளும் தகப்பனை அப்பிடிப் பாத்ததில்லை. யோகாவாலை அதைத் தாங்க ஏலாமல் போச்சுது. ஊருக்கு உபதேசம் செய்யிற மனுசன் வீட்டிலை வேறை மாதிரி எண்டது அவவுக்குப் பழகின சங்கதி, அதைச் சகிச்சுச் சகிச்சே தலை நரைச்சவ. ஆனால் அது பிள்ளையின்ரை தலையிலையும் வந்து விடியுதே! கிண்ணத்தை மேசையிலை 'டொக்'கெண்டு வைச்சா.

"எனக்கு வேண்டாம் எண்டு சொன்னது ஆர்?"

விக்னராஜா நிமிந்தார். "நீர் என்ன கதைக்கிறீர்?"

"இவளுக்குப் பெறு எண்டிறியள். எனக்கு அழி எண்டு சொன்னது ஆர் எண்டு கேக்கிறன். போராட்டம் முடியட்டும் யோகா, இப்ப பிள்ளை ஒரு சுமை எண்டு சொன்னது ஆர்? நான் ஓம் எண்டனானோ? எனக்கு வேணும் எண்டு உங்கடை காலைப் பிடிச்சு அழுதனான்."

"அம்மா?" எண்டாள் வினுஷா.

"ஓம் பிள்ளை. உனக்கு முதல் ஒண்டு. அதுக்குப் பிறகு ஏழு வருஷம் எனக்கு ஒண்டும் தங்கேல்லை. நீ கடைசியா வந்தனி." யோகாவாலை நிப்பாட்ட ஏலேல்லை. "ஒரு தோழரின்ரை பெண்சாதி என்னைக் கூட்டிக்கொண்டு போனவ. ஒழுங்கைக்குள்ளை ஒரு வீடு. வாசல்வரைக்கும் வந்து நான் மாட்டன் எண்டனான். உன்ரை மனுசன் ஏசுவார், வா எண்டு கையிலை பிடிச்சு இழுத்துக்கொண்டு போனவ."

மனுசன் இப்ப கத்தப்போறார், இல்லாட்டி எழும்பி அறைக்குள்ளை போகப்போறார் எண்டு யோகா நினைச்சா. அந்தக் கோவத்துக்கு எத்தினையோ வருஷமா அவ பயந்து வந்தவ. விக்னராஜா கோவிக்கேல்லை. நெத்தியைச் சுருக்கி, மூக்குக்கண்ணாடியைக் கழட்டி, உண்மையாவே யோசிச்சார்.

"எப்ப?" எண்டு கேட்டார்.

யோகாவுக்கு முதலிலை விளங்கேல்லை. "என்ன எப்ப?"

"இல்லை, நீர் சொல்லுறது... எந்த வருஷம்? எனக்கு ஞாபகம் வரேல்லை."

அவர் பொய் சொல்லேல்லை. அதுதான் கொடுமை. இவ்வளவு காலம் ஒண்டாச் சீவிச்ச மனுசி, அவர் பொய் சொல்லேக்கை எந்தக் கண் துடிக்கும் எண்டு தெரிஞ்சவ. கண் துடிக்கேல்லை. பேரை மறந்துபோன ஆள் மாதிரி வெறுமையா இருந்தார். தான் ஒவ்வொரு வருஷமும் அந்தத் தேதியிலை வாயிலை சோறு வைக்காமல் இருந்ததும், அவர் அதைச் சாமி விரதம் எண்டு நினைச்சுப் பகிடி பண்ணினதும், அப்பிடியே யோகாவின்ரை தலைக்குள்ளை சுத்திச்சுது. ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்தா. அந்த மேசையிலை அண்டைக்கு அவ இருந்தது அப்பதான்.

"கலியாணம் முடிச்ச அடுத்த வருஷம். கொழும்பிலை, வெள்ளவத்தையிலை அறை எடுத்து இருந்தம். மே தினத்தண்டு."

"ஆ, அந்த மே தினமோ!" விக்னராஜாவின்ரை முகம் மலந்து போச்சுது. "வெள்ளவத்தையிலை இருந்து நாங்கள் நடந்து போன ஊர்வலம்! சரியான மழை அண்டைக்கு. பிரதீப்குமார் தோழர் லொறிக்கு மேலை ஏறிப் பேசினவர், மைக் வேலை செய்யேல்லை, ஆனாலும் கடைசி ஆள் வரைக்கும் கேட்டது. நான் எழுதின பதாகை நனைஞ்சு, சிவப்பு மை எல்லாம் வழிஞ்சு என்ரை வெள்ளைச் சேட்டு முழுக்க..."

அந்த இடத்திலை அவரின்ரை பேச்சு நிண்டுது.

"அந்தச் சேட்டைத் தோய்ச்சது ஆர்?" எண்டு யோகா கேட்டா.

தமிழ் விளங்காத தொயினா மகனைப் பாத்தா. மகன் வினுஷாவைப் பாத்தான்.

"அடுத்த நாள் விடியக் காலமை எழுப்பி, இதை இண்டைக்குத் தோய்க்காட்டிக் கறை போகாது யோகா எண்டனீங்கள். எழும்பி நிக்க ஏலாமல் கிடந்தனான். பைப்படியிலை குந்தியிருந்து தோய்ச்சனான். கறை போகேல்லை எண்டு பேச்சும் வாங்கினனான்."

விக்னராஜாவின்ரை வாய் திறந்தபடி இருந்தது. சேட்டு நல்லா ஞாபகம் இருக்கு, தோய்ச்சவள் இல்லை. அதை அவர் தானே கண்டுபிடிச்சிட்டார் எண்டு அவரின்ரை முகத்திலை தெரிஞ்சுது. கையிலை இருந்த எலும்பைச் சாப்பாட்டுக் கோப்பையிலை வைச்சார். "யோகா," எண்டார். மேற்கொண்டு ஒரு சொல்லும் வரேல்லை. மேடையிலை ஒரு மணித்தியாலம் பேசின வாய்.

தொயினா மெல்லமாக் கையை நீட்டி மேசைக்கு மேலாலை யோகாவின்ரை கையைப் பிடிச்சா. என்ன நடந்ததெண்டு அவ கேக்கேல்லை. யோகா அந்தக் கையை விடாமல் மகள் பக்கம் திரும்பினா.

"செவ்வாய்க்கிழமை எத்தினை மணிக்கு?"

"ஒன்பதரைக்கு."

"நீ முடிவாத்தான் சொல்லுறியோ?"

"ஓம் அம்மா."

"சரி, நானும் வாறன். ஆனால் ஒண்டு கேள். வாசல்வரைக்கும் வந்தாப்பிறகு உனக்கு மனம் மாறினாலும் காரியமில்லை. உள்ளை போய்க் கட்டிலிலை ஏறினாப்பிறகு மாறினாலும் காரியமில்லை. எழும்பி வா. ஆரும் உன்னை இழுக்கமாட்டினம். போவம் எண்டால் போவம், வருவம் எண்டால் வருவம்."

வினுஷா எழும்பி வந்து தாயின்ரை கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பெட்டை விம்மி விம்மி அழ, யோகாவின்ரை தோள் நனைஞ்சுது. யோகாவுக்குக் கண்ணீர் வரேல்லை. அழ வேண்டிய நேரத்திலை பைப்படியிலை குந்தியிருந்து அழுது முடிச்சிட்டா.

"நானும் வரட்டோ?" எண்டு விக்னராஜா கேட்டார். கலியாணம் முடிச்ச நாளிலையிருந்து இந்த மனுசன் அவவிட்டை உத்தரவு கேட்டது இதுதான் முதல் தரம்.

"வேண்டாம். நீங்கள் வீட்டிலை நில்லுங்கோ," எண்டா யோகா. "செவ்வாய்க்கிழமை குப்பை வண்டி வாற நாள். குப்பைத் தொட்டியை உள்ளுக்கை இழுத்து வைக்க ஆள் வேணும்."

அவர் சரியெண்டு தலையாட்டினார்.